வெளியே நீளும் தண்டு

வீட்டு ஃபிரிட்ஜ் பதினைந்து, இருபது வருஷம் கேஸ் அடிக்காமலே ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். கார் ஏசி மட்டும் சில கோடைகளுக்குள் ‘கூலிங் பத்தலை’ என்று வந்து நிற்கும். வண்டிக்காரர்கள் இதைத் தயாரிப்பாளரின் கோளாறு என்று நினைக்கிறார்கள். காரணம் வேறு. ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து வெல்டிங் செய்யப்பட்டவை, வெளியே வருவது ஒயர் மட்டும்தான். கார் கம்ப்ரஸரை எஞ்சின்தான் பெல்ட் போட்டுச் சுற்ற வேண்டும். ஆகவே அதன் தண்டு உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே நீள வேண்டும். உள்ளே அழுத்தத்தில் கேஸ், வெளியே தெருக்காற்று, நடுவே நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் ஒரு தண்டு. அந்த இடத்தைக் காப்பது ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஷாஃப்ட் சீல். சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் என்னைப் போன்ற கார் ஏசி மெக்கானிக்குகள் ஒரு தலைமுறைக் காலம் சோறு தின்றது பெரும்பாலும் அந்தச் சீலினால்தான்.

கார் ஏசியின் வயது அதிகமில்லை. 1939 கடைசியில் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தன் கார்களில் குளிர்சாதனத்தை அறிமுகப்படுத்தியது. கூலிங் காயில் டிக்கிப் பக்கம், பின் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. கம்ப்ரஸரில் கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும். குளிர் காலத்தில் அதை நிறுத்த வேண்டுமென்றால் பானெட்டைத் திறந்து பெல்ட்டையே கழற்றி வைக்க வேண்டும். அந்தக் கார்களை வாங்கியவர்கள் பணக்காரர்கள், கையில் கிரீஸ் பட விரும்பாதவர்கள். அந்த முயற்சி சில வருஷத்தில் நின்றுபோனது.

அதற்கும் முன்னால் கேஸ் வர வேண்டியிருந்தது. அமோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு என்று ஆரம்பகால ஃபிரிட்ஜ்களில் ஓடியவை எல்லாம் மூச்சை அடைப்பவை அல்லது உயிரை எடுப்பவை. மூடிய காருக்குள் அவற்றைக் கொண்டுவர முடியாது. 1928-இல் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய சகாக்களும் ஆர்-12 என்று பின்னால் நாங்கள் அழைத்த வாயுவைக் கண்டறிந்தார்கள். 1930-இல் ஒரு வேதியியல் மாநாட்டு மேடையில் மிட்ஜ்லி அதை நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுவத்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது என்பதற்கு அதுவே சாட்சி. பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையைக் கண்டறிந்தவரும் இவரேதான். ஒரே மனிதர் காருக்குக் கொடுத்த இரண்டு பெரிய கொடைகளையும் உலகம் பின்னால் தடை செய்ய வேண்டியதாயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

1954-இல் நாஷ் நிறுவனம் எல்லாவற்றையும் பானெட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டிலுமே அடக்கி, மின்காந்தக் கிளட்ச்சோடு விலை குறைவாகக் கொடுத்தது. அந்தக் காரின் பெயர் அம்பாசடர். நம் ஊர் அம்பாசடருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நாஷும் கெல்வினேட்டர் ஃபிரிட்ஜும் அப்போது ஒரே நிறுவனம். ஃபிரிட்ஜ் செய்யத் தெரிந்த கையால்தான் கார் ஏசி ஊருக்குள் வந்தது. அன்றிலிருந்து ஸ்விட்ச் போட்டால் ‘டக்’ என்ற சத்தம். கிளட்ச் காயிலில் மின்சாரம் பாய்ந்து தட்டு புல்லியோடு ஒட்டிக்கொள்கிற சத்தம் அது. இன்றைக்கும் கிளட்ச் உள்ள வண்டிகளில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

நான் தொழிலுக்கு வந்தபோது ஏசி என்பது அம்பாசடரிலும் பத்மினியிலும் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்ட பெட்டி. 1983 டிசம்பரில் மாருதி வந்தது. 1985-இல் சுப்ரோஸ் நிறுவனம் ஜப்பானியக் கூட்டோடு இங்கேயே கார் ஏசி செய்யத் தொடங்கியது. அதுவரை பெரிய மனிதர் வீட்டு வண்டிகளையே பார்த்த எங்கள் பட்டறைக்கு மெல்ல மெல்ல டாக்டர்களும் வியாபாரிகளும் வரலானார்கள்.

எங்கள் மேஸ்திரி கம்ப்ரஸரைத் தொடுவதற்கு முன் பார்ப்பார். கேஸோடு எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால், கேஸ் போன வழியில் எண்ணெய்க் கசிவு இருக்கும், அதில் தூசி அப்பியிருக்கும். “தம்பி, அழுக்கு எங்கே ஈரமா இருக்கோ அங்கே கையை வை” என்பார். கிளட்ச் தட்டுக்குப் பின்னால் கறுப்பாகப் பிசுபிசுத்தால் ஷாஃப்ட் சீல் போயிற்று என்று பொருள். சந்தேகம் வந்தால் ஹேலைடு விளக்கை ஏற்றுவார். விளக்கின் குழாயை ஏசிக் குழாய்களின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போவார். கசிவு உள்ள இடத்தில் நீலச் சுடர் பச்சையாக மாறும். ஆர்-12 தீப்பிடிக்காது, ஆனால் சுடரில் பட்டுச் சிதைந்தால் ஃபாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் மனிதரைக் கொன்ற அதே வாயு. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. காந்தலான ஒரு வாசனை மட்டும் தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

சீல் மாற்றுவது நிதானம் கேட்கும் வேலை. கேஸை விட்டு, கிளட்ச் தட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் வளையப் பூட்டை மூக்கு இடுக்கியால் எடுத்தால் சீல் தெரியும். தண்டோடு சுற்றும் கார்பன் வளையம் ஒன்று, அசையாமல் நிற்கும் மெருகேற்றிய முகம் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று உரசும் இடத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும். கேஸை நிறுத்திவைப்பது உண்மையில் அந்தப் படலம்தான். மெருகு முகத்தில் விரல் படக்கூடாது. சுத்தமான எண்ணெயில் நனைத்து, ஓரத்தைப் பிடித்தே உள்ளே இறக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் ஏசி வேண்டாம் என்று அணைத்து வைத்தவர்கள் பங்குனியில் கேஸ் இல்லாமல் வந்து நிற்பதற்கும் இந்தப் படலமே காரணம். ஓடாமல் கிடந்தால் எண்ணெய் வடிந்து, முகம் காய்ந்து, கேஸ் வழி கண்டுகொள்ளும். வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஏசியைப் போட்டு வையுங்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான்.

‘கேஸை விட்டு’ என்று மேலே எழுதினேன். அப்போது அதை வானத்தில்தான் விட்டோம், எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். 1974-இலேயே மோலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் ஆர்-12 போன்ற வாயுக்கள் ஓசோனைத் தின்னும் என்று எழுதிவிட்டார்கள். 1985-இல் அண்டார்டிகா மேலே ஓசோன் ஓட்டை கண்டறியப்பட்டது. 1987 செப்டம்பர் 16-இல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியால் ஒப்பந்தம் கையெழுத்தானது. எங்கள் தெருவுக்கு அது ஆர்-134ஏ என்ற புது சிலிண்டராக வந்து சேர்ந்தது. 2003 ஜனவரி முதல் நாள் தொட்டு இந்தியாவில் புதுச் சாதனங்களில் பழைய கேஸ் கூடாது என்றது சட்டம். சட்டம் சரியானது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்க வேண்டியது.

புதுக் கேஸ் பழைய மினரல் ஆயிலோடு கலக்காது. எண்ணெய் சுற்றில் எங்கோ தேங்கிவிட, கம்ப்ரஸருக்குத் திரும்ப வராது. கம்ப்ரஸர் உலர்ந்து தேய்ந்து இறுகிவிடும். பழைய ரப்பர் ஹோஸ் வழியாகவும் புது வாயு நுழைந்து போகும். ஆகவே பாக் என்ற வேறு ஆயில், வேறு ஓ-ரிங், வேறு டிரையர், வேறு கேஜ் என்று எல்லாம் மாறின. இதைப் படித்துக்கொண்ட பட்டறைகள் பிழைத்தன. எண்ணெயை மாற்றாமல் பழைய வண்டியில் புதுக் கேஸை அடித்த இடங்களில் நல்ல கம்ப்ரஸர்கள் வீணாயின.

பிறகு சீலும் மாறியது. கார்பன் வளையத்தின் இடத்தில் உதடு போன்ற சீல் வந்தது. உதிரி பாகம் தனியாகக் கிடைப்பது குறைந்து, ‘முழு கம்ப்ரஸரையே மாத்திடுங்க’ என்ற பேச்சு வழக்கமாயிற்று. இதில் எனக்கு உடன்பாடில்லை. கழற்றிப் போட்ட கம்ப்ரஸர்கள் பலவற்றில் உள்ளே ஒன்றுமே ஆகியிருக்காது. கேஸ் குறைந்தால் பிரஷர் ஸ்விட்ச் கிளட்ச்சுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிடும். கம்ப்ரஸரைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக் கம்ப்ரஸர் செத்துவிட்டது என்று தீர்ப்பெழுதுவது அநியாயம்.

வீட்டு வாசலிலேயே வண்டிக்காரர் பார்க்கக்கூடியவை உண்டு. ‘டக்’ கேட்கவில்லையென்றால் ஃப்யூஸையும் ரிலேவையும் பாருங்கள். ஏசி அணைந்திருக்கும்போதே கரகரவென்றால் புல்லி பேரிங், கிளட்ச் பிடித்த பிறகு மட்டும் சத்தம் வந்தால் பெரும்பாலும் உள்ளே கோளாறு. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கிளட்ச்சின் முன்தட்டைக் கையால் திருப்புங்கள். லேசான பிடிப்போடு சுற்றினால் உயிர் இருக்கிறது, அசையாவிட்டால் இறுகிவிட்டது. நெடுநாள் ஓடிய வண்டியில் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி கூடி, வண்டி சூடானதும் காந்தம் இழுக்க முடியாமல் விடும். சன்னமான ஒரு ஷிம்மை எடுத்தால் அது சரியாகிவிடும். கேஸை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். கையில் பட்டால் தோல் உறைந்து வெந்துபோகும். சிலிண்டரைக் கவிழ்த்து, ஓடும் கம்ப்ரஸருக்குள் திரவமாக அடித்தால் உள்ளே வால்வு உடையும். காற்றில் விட்டாலோ, ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். “அண்ணே, கேஸ் மட்டும் அடிச்சு விடுங்க, கசிவை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று கேட்கும் வண்டிகளை நான் எடுப்பதில்லை.

2003-இல் வெளிவந்த டொயோட்டா ப்ரியஸில் கம்ப்ரஸருக்கு பெல்ட் இல்லை. எஞ்சின் நின்றாலும் ஏசி ஓட வேண்டும் என்பதால் மோட்டாரையும் உள்ளேயே வைத்து மூடிவிட்டார்கள். இப்போது வரும் மின்சார கார்களிலும் அதே அமைப்புதான். தண்டு வெளியே வருவதில்லை, ஷாஃப்ட் சீலும் கிடையாது. ஆனால் உள்ளே ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட், அதன் சுருள்கள் எண்ணெயில் நனைந்தபடி இருக்கின்றன. அங்கே பாக் ஆயில் கலந்தால் மின்காப்பு கெட்டுவிடும். பி.ஓ.இ. என்ற வேறு எண்ணெய்தான் போட வேண்டும். ஆகவே அந்த வண்டிகளுக்கென்று தனி ஹோஸ், தனி கேஜ், ரப்பர் கையுறை எல்லாம் வாங்கிப் பட்டறையின் மறுபக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். பையன்கள் பழைய ஹோஸை அந்தப் பக்கம் கொண்டுபோனால் விடமாட்டேன்.