பந்து கோட்டைத் தாண்டிச்சா, இல்லையா? வி.ஏ.ஆர் பற்றித் தெரிஞ்சுக்கலாம் வாங்க!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தாம்பரம், மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் ஏதாவது ஒரு டர்ஃபுக்குப் போய்ப் பாருங்க. கோலுக்குக் கத்துறதைவிட நியாயத்துக்குக் கத்துறதுதான் அதிகமா இருக்கும். ''பந்து வெளிய போயிடுச்சு மச்சான்!'' ''போடா, லைன்லதான் இருந்துச்சு!'' காசு கட்டி எடுத்த ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் இதிலேயே போய்விடும்.

டர்ஃபில் இந்தச் சண்டை ஒரு டீயோடு முடிஞ்சிடும். ஆனால், இதே சண்டை இந்திய அணியின் உலகக் கோப்பைக் கனவையே கலைத்திருக்கிறது.

அன்று என்ன நடந்தது?

2024 ஜூன் 11. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் கத்தாருடன் அவர்கள் மண்ணிலேயே இந்தியா மோதியது. ஜெயித்தால் முதன்முறையாக மூன்றாவது சுற்று. 37-வது நிமிடத்தில் சாங்டே கோல் போட்டார். 73-வது நிமிடம் வரை நம்ம கைதான் ஓங்கியிருந்தது.

அப்போது கத்தாரின் யூசுஃப் அய்மன் தலையால் முட்டிய பந்தை கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுத்தார். பந்து கம்பத்தை ஒட்டி எல்லைக் கோட்டைத் தாண்டி உருண்டது. 'கார்னர்தானே' என்று நம்ம வீரர்கள் நின்றுவிட்டார்கள். கத்தார் வீரர் ஒருவர் பந்தைக் காலால் உள்ளே இழுத்துவிட, அய்மன் அதை வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் என்றார். 85-வது நிமிடத்தில் இன்னொரு கோல். 2-1 எனத் தோற்று இந்தியா வெளியேறியது.

2022-ல் இதே கத்தாரில் நடந்த உலகக் கோப்பையில், ஆஃப்சைடு பார்க்க மட்டும் 12 கேமராக்கள், பந்துக்குள் விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சார் எல்லாம் இருந்தன. ஆனால், இந்த ஆட்டத்தில் வி.ஏ.ஆரே கிடையாது! இந்தியக் கால்பந்து சம்மேளனம் புகார் கொடுத்தும் முடிவு மாறவில்லை.

வி.ஏ.ஆர் எதையெல்லாம் பார்க்கும்?

2018-ல் கால்பந்து விதிகளில் சேர்ந்த வி.ஏ.ஆர், அதே ஆண்டு ரஷ்யாவில் முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்தது. அது எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்காது. அப்போது நான்கே விஷயங்கள்தான் இருந்தன:

* கோலா, இல்லையா?
* பெனால்ட்டியா, இல்லையா?
* நேரடி சிவப்பு அட்டை
* ஆள் மாறாட்டமாகக் கொடுத்த அட்டை

அதிலும் பளிச்சென்று தெரியும் தவறாக இருக்க வேண்டும். கடைசி வார்த்தை எப்போதும் மைதானத்து நடுவருடையதுதான்.

கண் ஏமாற்றும்!

2022-ல் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பான் அடித்த இரண்டாவது கோல் ஞாபகம் இருக்கா? மிடோமா இழுத்துவிட்ட பந்து, பக்கவாட்டுப் படத்தில் வெளியே போனதுபோலவே தெரிந்தது. மேலிருந்து பார்த்தால், பந்தின் ஓரம் கோட்டுக்கு மேலே இருந்தது. விதி இதுதான்: முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் அவுட். தரையிலோ, காற்றிலோ ஒரு துளி கோட்டுக்கு மேல் இருந்தாலும் ஆட்டம் தொடரும்.

வி.ஏ.ஆர் இருந்தால் சண்டையே வராதா?

வரும். 2023 மார்ச் 3, பெங்களூருவில் ஐ.எஸ்.எல் நாக்-அவுட். கூடுதல் நேரத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி தடுப்புச் சுவர் அமைப்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கைத் தட்டி கோலாக்கிவிட்டார். நடுவர் கிறிஸ்டல் ஜான் அதை ஏற்க, பிளாஸ்டர்ஸ் அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. விளைவு, 4 கோடி ரூபாய் அபராதம். பயிற்சியாளர் வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டங்கள் தடை. சுவர் அமைக்க நேரம் தரச் சொல்லி அடிக்கும் அணி கேட்காதவரை, அது விசிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்டார்களா, நடுவர் நிறுத்தச் சொன்னாரா என்பதை ரீப்ளே சொல்லாது.

கிரிக்கெட் ரிவ்யூ மாதிரி ஒன்று

வி.ஏ.ஆருக்குத் தனி அறை, தனி நடுவர்கள், நிறைய கேமராக்கள் வேண்டும். செலவு அதிகம். அதனால் ஃபிஃபா 2024-ல் ஒரு எளிய முறையைச் சோதிக்க ஆரம்பித்தது. பயிற்சியாளர் விரலைச் சுழற்றிக் காட்டி அட்டையை நீட்டினால், நடுவரே திரையில் பார்ப்பார். ஆட்டத்துக்கு இரண்டு வாய்ப்பு. கேட்டது சரியென்றால் வாய்ப்பு குறையாது. நம்ம டி.ஆர்.எஸ் மாதிரியேதான்! சின்ன லீக்குகளுக்கு இதுதான் கட்டுப்படியாகும்.

உங்க டர்ஃபுக்கு சில டிப்ஸ்

* விளையாடாத ஒருத்தரை நடுவராக்குங்க. அவர் சொல்வதே முடிவு என்று டாஸ் போடும்போதே பேசிடுங்க.
* மொபைலில் ரெக்கார்டு பண்ணுவதாக இருந்தால், கோல் கோட்டுக்கு நேர்கோட்டில் வைங்க. சாய்வாக வைத்தால் மிடோமா கதைதான்.
* நடுவரிடம் கேப்டன் மட்டும் பேசட்டும்.
* ரொம்ப முக்கியம்... விசில் வரும்வரை நிற்காதீங்க. அன்று நம்ம வீரர்கள் நின்ற அந்த ஒரு நொடிக்கு இந்தியா கொடுத்த விலை ரொம்பப் பெரிசு!