விலை ஏறுது, ஓவியருக்கு என்ன மிச்சம்?

1973 ஒக்டோபர் 18, நியூயோர்க். சொதபி பார்க் பெர்னே ஏல மண்டபத்தில் ரொபர்ட் ஸ்கல், ஈதல் ஸ்கல் தம்பதியர் சேர்த்து வைத்திருந்த 50 கலைப்படைப்புகள் ஏலத்துக்கு வந்தன. ரொபர்ட் ஸ்கல் ஒரு டக்சி முதலாளி. புதிய அமெரிக்க ஓவியர்களைப் பெரிசா யாரும் கவனிக்காத காலத்திலேயே அவர்களிடம் வாங்கத் தொடங்கியவர். அன்று மட்டும் 22 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது.

ரொபர்ட் ரவுஷன்பேர்க் வரைந்த 'தோ' என்ற படைப்பும் அதில் இருந்தது. 1958 இல் ஸ்கல் அதை வாங்கிய விலை 900 டொலர். ஏலத்தில் போனது 85,000 டொலருக்கு. ஏறத்தாழ 94 மடங்கு! வரைந்தவருக்கு அதில் ஒரு சதமும் இல்லை.

ரவுஷன்பேர்க்கும் அங்கே இருந்தார். ஏலம் முடிந்ததும் ஸ்கல்லைப் பிடித்துத் தள்ளினார். நீ இலாபம் எடுக்கத்தானா நான் இவ்வளவு காலமும் உழைத்தேன் என்பது அவரின் கோபம். இந்த விலையால் உனக்கும் நன்மைதானே, இனி உன் படங்களும் கூட விலைக்குப் போகும் என்பது ஸ்கல்லின் பதில். ஆவணப்படக் கமரா ஒன்று இதைப் பதிவுசெய்தது. அதே நேரம் மண்டபத்துக்கு வெளியே டக்சி சாரதிகள் ஸ்கல்லுக்கு எதிராக ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தார்கள். உழைத்தவனுக்கு என்ன பங்கு எண்டுதான் உள்ளேயும் வெளியேயும் கேட்டார்கள்.

ஸ்கல் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. யாரும் வாங்காத நேரம் காசு போட்டவர் அவர். விலை விழுந்திருந்தால் ஓவியர் நட்டத்தில் பங்கெடுத்திருப்பாரா? நாங்களும் இதை யோசித்தோம். ஆனால் அந்த விலையை ஏற்றியது யார்? 1964 இல் வெனிஸ் பியனாலேயில் ரவுஷன்பேர்க் ஓவியத்துக்கான பெரும் பரிசை வென்றார். விற்ற பிறகும் அவர் உழைத்த உழைப்புத்தான் பழைய படத்தின் பெறுமதியைக் கூட்டியது. ஒரு நாவலாசிரியருக்கு விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பங்கு கிடைக்கும். ஓவியரிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி. அதை விற்றால் கதை முடிந்தது.

இந்தச் சிக்கல் நியூயோர்க்கில் தொடங்கியதும் இல்லை. பிரான்சின் மில்லே தனது 'ஆஞ்சலுஸ்' ஓவியத்தை 1,000 பிராங்குக்குக் கொடுத்தார். அவர் இறந்து 14 வருடங்களின் பின், 1889 இல், அது 5,53,000 பிராங்குக்கு ஏலம் போனது. இப்படியான கதைகள் பிரான்சில் பெரிய விவாதமாகின. 1920 இல் அங்கே சட்டம் வந்தது: ஓவியம் மறுபடி விற்கப்படும்போது ஓவியருக்கு, அவர் இல்லையென்றால் வாரிசுகளுக்கு, ஒரு பங்கு.

ஸ்கல் ஏலத்துக்குப் பிறகு ரவுஷன்பேர்க் அமெரிக்காவிலும் இந்த உரிமைக்காகக் குரல் கொடுத்தார். 1976 இல் கலிபோர்னியா, மறுவிற்பனை விலையில் 5 வீதம் ஓவியருக்கு எனச் சட்டம் இயற்றியது. அந்தக் கணக்கில் 85,000 டொலருக்கு 4,250 டொலர் வரும். அவ்வளவுதான். அதுகூட நிலைக்கவில்லை. கூட்டாட்சிப் பதிப்புரிமைச் சட்டத்தோடு முரண்படுவதால், 1977 என்ற ஒரே ஒரு வருடத்தின் விற்பனைகளுக்கு மட்டுமே இது செல்லும் என்று 2018 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ 2001 இல் இந்த உரிமையை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக்கியது. ஆனால் எவ்வளவு பெரிய விற்பனை என்றாலும் ஓவியருக்கு உச்சம் 12,500 யூரோதான்.

இந்தச் சட்டத்தால் எல்லாம் சரியாகிவிடும் எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஏலம் வரை போகிற படங்கள் ஏற்கெனவே பெயர் எடுத்தவர்களுடையவை. பெயரில்லாத ஓவியருக்கு இதால் அடுப்பு எரியாது. ஆனாலும் படம் கைமாறினாலும் அதை வரைந்தவரின் உழைப்பு அதற்குள் இருக்கிறது என்பதைச் சட்டம் ஒத்துக்கொள்வது சின்ன விசயம் இல்லை. அடுத்த முறை ஏதோ ஓவியம் கோடிக்கணக்கில் போனதாகச் செய்தி வந்தால், வாங்கியவர் யார் என்று தேடுவதற்கு முதல், வரைந்தவர் அதை எவ்வளவுக்குக் கொடுத்தார் என்று தேடிப் பார்ப்போம்.