இரத்மலானையிலிருந்து கோண்டாவில் வரை: ஒரு தாய் நடந்த தூரம்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

தெல்லிப்பழையில் ஒரு குடும்பத்துக்குக் காது கேளாத, கண் தெரியாத அல்லது புத்தி வளர்ச்சி மெதுவான பிள்ளை பிறந்தால், அந்தத் தாய் உதவி தேடி எவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், எங்கள் குடாநாட்டின் நூறு வருட வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது.

கல்வியில் இது பழைய ஊர். அமெரிக்க மிஷன் 1816 இல் டானியல் பூவரோடு இங்கே வந்தது. அந்த விதையில்தான் இன்றைய யூனியன் கல்லூரி நிற்கிறது. 1823 இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824 இல் உடுவில் மகளிர் பாடசாலை என்று அடுத்தடுத்து வந்தன. ஆனால் பேச்சு வராத பிள்ளைக்கோ பார்வையில்லாத பிள்ளைக்கோ என்று ஒரு பள்ளிக்கூடம் அந்த நூற்றாண்டில் இங்கே எழும்பவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் 1890களில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், சுவெய்ன்சன் அம்மையார் காது கேளாதோருக்கும் பள்ளி நடத்தத் தொடங்கியிருந்தார்கள். இலங்கையில் அப்படியொரு பள்ளி 1912 இல்தான் வந்தது. மேரி சப்மன் அம்மையார் கொழும்புக்குத் தெற்கே தொடங்கிய அந்தப் பாடசாலை பிறகு இரத்மலானையில் நிலைத்தது.

இரத்மலானை இங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். 1905 இல் வடபகுதி ரயில் பாதை முழுமையாகியிருந்ததால் போக வழி இருந்தது. ஆனால் ஐந்தாறு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுதியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவதை யோசித்துப் பாருங்கள். அம்மா பிள்ளையைக் காண்பது விடுமுறைக்கு விடுமுறைதான். விடுதிப் பள்ளிகளின் பெரிய குறையும் இதுதான். பிள்ளை அங்கே ஒரு தொடர்புமுறையைப் படித்துக்கொண்டு வரும். வீட்டில் அது தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். அம்மாவும் பிள்ளையும் ஒரு வீட்டுக்குள் விருந்தாளிகள் போல ஆகிவிடுவார்கள். அனுப்ப மனம் வராதவர்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளின் கதையை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

1956 ஐ நாங்கள் சிங்களம் மட்டும் சட்டம் வந்த வருடமாக நினைவில் வைத்திருக்கிறோம். யாழ்தேவி ஓடத் தொடங்கியதும் அதே வருடம்தான். கைதடியில் நஃபீல்ட் பாடசாலை தமிழ்மொழிப் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டதும் 1956 இல்தான் என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் ஒழுங்கைகளில் ஓடித்திரிந்த மொறிஸ் மைனரைச் செய்த கொம்பனியின் சொந்தக்காரர் நஃபீல்ட் பிரபு. அவருடைய பெயர்தான் அந்தப் பாடசாலைக்கு. 400 கிலோமீற்றர் தூரம் 20 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. பிள்ளை தன் தாய்மொழியில் படிக்கலாம். அம்மா பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம். 1960களின் கடைசியில் அரசாங்கமும் சாதாரண பாடசாலைகளில் இந்தப் பிள்ளைகளைச் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது.

பிறகு யுத்தம். 1990 ஜூனில் தெல்லிப்பழையின் வடக்குப் பக்கச் சனங்கள் இடம்பெயரத் தொடங்கினார்கள். அதே வருடம் ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நாங்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டோம். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இல், வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நடக்க முடியாத பிள்ளை உள்ள வீட்டில் அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் எதை எடுப்பது? பிள்ளையைத் தூக்கினால் பெட்டியைத் தூக்க முடியாது. சுவரைத் தடவித்தடவி வீட்டைப் பழகிய பார்வையில்லாத பிள்ளைக்கு முகாம் என்பது ஒவ்வொரு நாளும் புது இருட்டு. எந்தச் சமூகமானாலும் இந்தக் குடும்பங்கள்தான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தன.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் காலத்தில்தான் இந்த மண்ணிலேயே முளைத்த உதவிகள் வந்தன. 1987 இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் செய்யும் நிறுவனம் ஆரம்பமானது. வெறுங்காலோடு நடந்து, சம்மணமிட்டு இருந்து பழகிய சனங்களுக்காக 1968 இல் இந்தியாவில் ராம் சந்திர சர்மாவும் டொக்டர் சேத்தியும் உருவாக்கிய கால் அது. வளரும் பிள்ளைக்கு அந்தக் காலைத் திரும்பத் திரும்ப மாற்றவேண்டும் என்பதால், கிட்ட ஒரு இடம் இருப்பதே பெரிய விடயம். 1988 இல் சுன்னாகத்தில் வாழ்வகம் வந்தது. தொடங்கிய செல்வி அன்னலட்சுமி சின்னத்தம்பி அவர்களே விழிப்புலன் அற்றவர். 2004 இல் ஆறு. திருமுருகன் அவர்கள் கோண்டாவிலில் சிவபூமி பாடசாலையைத் தொடங்கினார். புத்தி வளர்ச்சி மெதுவான பிள்ளைகளுக்கு அது ஒரு வாசலைத் திறந்தது. தெல்லிப்பழையிலிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவுதான்.

சட்டமும் பின்னால் வந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதம், அதாவது 16 இலட்சத்துக்கும் கூடுதலானவர்கள், ஏதோ ஒரு இயலாமையோடு வாழ்கிறார்கள். ஏறக்குறைய பதினொரு பேரில் ஒருவர். உங்கள் ஒழுங்கையை மனதில் எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த நூறு வருடத்தில் வந்த உதவியெல்லாம் பெரும்பாலும் பிள்ளைக்குத்தான் வந்தது. பிள்ளையை வளர்க்கும் வீட்டுக்கு வரவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் ஓய்வு யார் கொடுத்தது? அக்காவின் கலியாணப் பேச்சில் தம்பியை அறைக்குள் மறைக்கும் வீடுகள் இன்னும் இல்லையா? "எனக்குப் பிறகு இவனை ஆர் பார்க்கிறது?" என்று இரவில் முழித்திருக்கும் தகப்பனோடு யார் கதைத்தது? போர்க்காலத்தில் இங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், ஆளைத் தனியாகப் பார்த்தால் போதாது, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று தொடர்ந்து எழுதிவந்தார். அது இந்த வீடுகளுக்கும் பொருந்தும்.

ஊரில் சிலர் "முன்வினை" என்பார்கள். எங்கள் பக்கம் "அல்லாஹ்வின் சோதனை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சோதனை அந்தத் தாய்க்கு மட்டும்தானா, பக்கத்து வீட்டிலிருக்கும் எங்களுக்கு இல்லையா? பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொன்னவர். நபி (ஸல்) அவர்கள் பயணம் போன சமயங்களில் ஊரைப் பார்க்கும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது. நாயன்மார்களில் தண்டியடிகள் பார்வை இல்லாமலேயே திருவாரூர்க் குளத்தைத் தோண்டினார். குளத்திலும் கரையிலும் கம்பு நட்டு, இடையில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு மண் சுமந்தார். ஆளில் குறை தேடாமல், பிடிக்க ஒரு கயிறு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

நாங்கள் கட்டக்கூடிய கயிறுகள் சின்னவைதான். பிள்ளைக்குக் கதை பிந்தினால், நடை பிந்தினால் "வளர வளர வரும்" என்று தள்ளிப்போடாமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். முன்பள்ளி வயதுக்கு முன்னரே கண்டுபிடித்தால் வித்தியாசம் பெரிது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் காணப் போகும் தாயோடு நீங்களும் போங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றாலே பாதிப் பயம் போய்விடும். ஓட்டோ வைத்திருக்கும் தம்பிமார் கிழமையில் ஒரு நாள் கிளினிக்குக்கு ஏற்றி இறக்கிவிடலாம். கோயில் திருவிழாவுக்கும் பெருநாள் தொழுகைக்கும் அந்தப் பிள்ளையையும் கூட்டிவரச் சொல்லுங்கள். சத்தம் போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்காதீர்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் செய்யவேண்டியது, தரம் ஒன்று அனுமதிக்கு வரும் தாயிடம் "இந்தப் பிள்ளைக்கு இங்கே சரிவராது" என்று சொல்வதற்கு முதல், "வீட்டில் என்னென்ன செய்வான்?" என்று கேட்பது.

400 கிலோமீற்றர் பத்துக் கிலோமீற்றராகக் குறைந்திருக்கிறது. அதைக் குறைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். மிச்சம் இருப்பது ஒரு படலையிலிருந்து அடுத்த படலைக்கு உள்ள தூரம். அதைக் குறைக்க வெளியிலிருந்து ஒருவரும் வரப்போவதில்லை.

உங்கள் ஒழுங்கையில் அப்படியொரு வீடு இருந்தால், இந்தக் கிழமை ஒருதரம் போய் இருந்து கதைத்துவிட்டு வாருங்கள். வேறு ஊர்களில் நல்ல முறையில் நடக்கும் உதவிகள் தெரிந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் மட்டும் போடவேண்டாம்.