அறிவின் கதவும் வருமானக் கோலும்

மருந்து மட்டும் இருந்தால் நோய் தீர்ந்துவிடுமா? எந்நோய்க்கு எம்மருந்து என்னும் அறிவும் வேண்டும். அவ்வறிவை மருந்து விற்பவனிடமே கேட்டறியும் நிலை ஆபத்தானது என்று உணர்த்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே. கண்டி திரித்துவக் கல்லூரியில் பயின்றவர். பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கியவர். அந்நியக் கம்பெனிகளின் விற்பனையாளர் கூற்றுக்கு மாற்றாக, பக்கஞ்சாராத மருந்துக் குறிப்புகள் வைத்தியர்களைச் சென்றடைய உழைத்தார். 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் பிறப்பதற்கும் அவரே வழிகாட்டி.

அப்போராட்டத்தைப் பற்றிச் சஞ்சய லாலுடன் இணைந்து அவர் எழுதிய ஆய்வு, 1977இல் ‘வேர்ல்ட் டெவலப்மென்ட்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. அச்சஞ்சிகை இன்று எல்செவியர் என்னும் பன்னாட்டுப் பதிப்பகத்தின் உடைமை. பன்னாட்டுக் கம்பெனிகளை எதிர்த்த கதையே பன்னாட்டுக் கம்பெனியின் பெட்டகத்துள் அடங்கிற்று!

மருத்துவச் சஞ்சிகைகள் பலவற்றின் நிலையும் இதுவே. ஆய்வுக்குப் பெரும்பாலும் பொதுமக்கள் பணம் செலவாகிறது, எழுதும் அறிஞர் கூலி பெறுவதில்லை, இலாபமோ பதிப்பகத்திற்கு. வறிய நாட்டு நூலகங்கள் சந்தா செலுத்த இயலாது தவித்தன. 2002இல் உலக சுகாதார ஸ்தாபனமும் ஆறு பதிப்பகங்களும் ‘ஹினாரி’ திட்டத்தைத் தொடங்கின. தலைக்குரிய தேசிய வருமானம் ஆண்டுக்கு 1,000 டாலருக்குக் குறைந்த நாடுகளின் மருத்துவ நிறுவனங்களுக்கு ஆரம்ப காலத்தில் இலவச அனுமதி வழங்கப்பட்டது. 3,000 டாலர் வரையுள்ள நாடுகளுக்கு அந்நாளில் குறைந்த கட்டணம் விதிக்கப்பட்டது.

நன்மைதான், மறுக்கவில்லை. ஆயினும் கொடை உரிமையாகாது. 2011 ஜனவரியில் பங்களாதேஷில் 2,500க்கு மேற்பட்ட சஞ்சிகைகளின் கதவுகள் அடைக்கப்பட்டன. எதிர்ப்புக் குரல் எழுந்த பின்னரே மீண்டும் திறந்தன.

அளவுகோலும் நேர்மையானதா? தெல்தோட்டை, நாவலப்பிட்டி மலைகளில் கொழுந்து பறிக்கும் கைகளும் நாட்டின் வருமானத்தை உயர்த்துகின்றன. சராசரி உயர்கிறது, லயத்தின் கூரை உயர்வதில்லை. ஆனால் அச்சராசரி எல்லையைத் தாண்டினால், அத்தொழிலாளியின் நோய்க்கு விடை தேடும் வைத்தியரின் நூலகத்திற்குக் கட்டணம் விதிக்கப்படலாம்!

இலவசக் கல்வியால் உருவான வைத்தியர், கட்டணமற்ற அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை செய்கிறார். இவ்விரண்டையும் நம் மக்கள் பிச்சையாகப் பெறவில்லை, உரிமையாக வென்றெடுத்தனர். இவற்றை இணைக்கும் மருத்துவ அறிவுக்கு மட்டும் விலையா? 1887இல் பிறந்த இலங்கை மருத்துவச் சஞ்சிகையை இன்று இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். சிறிய தீவினால் இயன்றது பெரிய பதிப்பகங்களால் இயலாதா? பொதுப்பணத்தில் விளைந்த அறிவு பொதுமக்களுக்கே உரியது. இக்கோரிக்கையை நூலகரிடம் மட்டும் விட்டுவிடாது, ஆசிரியரும் மாணவரும் தமதாக்கிக்கொள்ளல் வேண்டும்.