நெய்மன் கொடுத்த கணக்குகள்

பொருளாதார அளவையியல் கற்கப் புகுவோரை நாம் முதலில் நிகழ்தகவு படிக்க அனுப்புகிறோம். இவ்வழக்கம் பழமையானதன்று. 1930-களில் பொருளியலார் பலர் நிகழ்தகவை ஒதுக்கியே வைத்தனர். ஓராண்டு விலை மறு ஆண்டு விலையோடு பின்னிக் கிடக்க, சீட்டுக் குலுக்கலின் கணக்கு இதற்கு எங்ஙனம் பொருந்தும் என்றனர், நியாயமான ஐயமே.

1939-இல் நார்வே நாட்டு இளைஞர் ஹாவல்மோ, கலிபோர்னியாவில் புள்ளியியல் பேரறிஞர் நெய்மனிடம் தம் கருத்துகளை விரித்துரைத்தார். நெய்மன் விவாதிக்கவில்லை, இரண்டு மூன்று கணக்குகளைக் கொடுத்து, போட்டுவிட்டு வரச் சொன்னார். போட்டு முடித்தபோது, இத்துறை தமக்குத் தெரியும் என்ற மயக்கம் பெரும்பாலும் கலைந்துவிட்டதென 1989-இல் நோபெல் உரையில் ஹாவல்மோ நினைவுகூர்ந்தார்.

அந்த ஐயத்துக்கு 1944-இல் அவரே விடை தந்தார்: ஒவ்வோராண்டையும் தனிச் சீட்டாகக் கொள்ள வேண்டா, வரிசை முழுவதையும் ஒரே சீட்டாகக் கொள்ளலாம். ஆண்டுகளின் பின்னலும் அக்கணக்கினுள்ளேயே அடங்கிவிடும்.