ஆட்டோவில் வேப்பேரிக்குப் போன ஆடு

நான் ராயபுரத்துப் பையன். சின்ன வயசுல எங்க ஆடு ஒருநாள் வயிறு உப்பிப் படுத்துடுச்சு. ஆயா சொன்னது ஒரே வார்த்தை: "வேப்பேரிக்குத் தூக்கினு போ." ஆட்டோல, என் மடியில ஆடு.

அது வெறும் ஆஸ்பத்திரி இல்ல, ஒரு கல்லூரின்னு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சது. 1903 அக்டோபர் 1-ல், டாபின் ஹால் என்ற சின்னக் கட்டடத்தில், 20 மாணவர்களோடு தொடங்கியது சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. அன்றைக்கு மாடும் குதிரையும்தான் ஊரோட இன்ஜின். வண்டி மாடு படுத்தா, துறைமுகச் சரக்கும் படுத்துக்கும். 1935-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்தியாவிலேயே கால்நடை மருத்துவத்துக்கு முதலில் பட்டம் தந்தது இந்தக் கல்லூரிதான். 1989-ல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் தலைமையகம் மாதவரம் பால்பண்ணையில், நம்ம வடசென்னையில்.

இப்போ சரக்கு இழுக்கிறது கன்டெய்னர் லாரி. ஆனா வேப்பேரி வாசல்ல நாய், பூனை, ஆடுன்னு கூட்டம் குறையல. படிக்கிற பிள்ளைங்களுக்கு அந்தக் கூட்டம்தான் பாடம். எங்களுக்கு அது சேமிப்பைக் காப்பாத்துற இடம்.

அந்த ஆடு பொழச்சுதான்னு கேக்குறீங்களா? பொழச்சுது. அடுத்த ஜூன்ல என் ஸ்கூல் ஃபீஸ் அதோட குட்டிங்கதான்.