கலிங்கப் பாறையில் இல்லாத கல்வெட்டு

பழைய உலகின் பெருந்தலைவர்களை எண்ணும்போது நம் நினைவில் முதலில் எழும் பெயர்களுள் ஒன்று அசோகர். போரில் வென்றபின் போரை வெறுத்த மன்னர் என்று பள்ளிப் பருவத்திலேயே அவரை அறிந்துகொள்கிறோம். அவ்வறிவு பிழையன்று, ஆயினும் முழுமையானதும் அன்று. இதனை எனக்கு உணர்த்தியவள் என் மாணவி ஒருத்தி.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் கலிங்கத்துப்பரணி நடத்திக்கொண்டிருந்தேன். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற செய்தியைச் செயங்கொண்டார் பாடிய நூல் அது. பேய்கள் களத்தில் கூழடும் பகுதியை விளக்கியபின், "இதே கலிங்கத்தைப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கும் முன்னர் வென்ற அசோகர் பரணி பாடுவிக்கவில்லை; வருந்திக் கல்லில் எழுதினார்" என்று சற்றுப் பெருமிதத்துடன் கூறினேன். அம்மாணவி எழுந்து, "அம்மா, அந்த வருத்தத்தைக் கலிங்கத்து மக்களிடம் சொன்னாரா?" என்று கேட்டாள். "சொல்லியிருப்பார்" என்று விடையிறுத்து அடுத்த தாழிசைக்குச் சென்றுவிட்டேன். பின்னர் நூல்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் என் விடை தவறு என்பது விளங்கிற்று.

கல் பேசிய வரலாறு

அசோகரின் கல்வெட்டுகள் பன்னூறு ஆண்டுகள் படிப்பாரின்றிக் கிடந்தன. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்தார். அவற்றில் 'தேவானாம்பிரிய பியதசி' என்ற பெயரே காணப்பட்டது. அம்மன்னர் அசோகரே என்பதை இலங்கையின் பாலி நூல்களைக் கொண்டு ஜார்ஜ் டர்னர் எடுத்துக்காட்டினார். 1915-இல் மஸ்கியில் கண்டெடுக்கப்பெற்ற கல்வெட்டில் அசோகர் என்னும் பெயரே வெளிப்பட, அம்முடிபு உறுதியாயிற்று.

இக்கல்வெட்டுகளுள் பதின்மூன்றாம் பெரும்பாறைக் கட்டளை உலக வரலாற்றில் ஒப்பற்றது. முடிசூடி எட்டாண்டுகள் கழிந்தபின், கி.மு. 261 அளவில், கலிங்கம் வெல்லப்பட்டது. ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். ஓர் இலட்சம் பேர் களத்தில் மாண்டனர். அதனினும் பன்மடங்கினர் பிறவாறு இறந்தனர் என்று வென்றவரே எண்ணிச் சொல்கிறார். அந்தணர், துறவியர், இல்லறத்தார் ஆகியோர் உற்ற துயரும், உயிர் தப்பியவர் தம் உற்றாரை இழந்து எய்திய துயரும் தம்மை வருத்துவதாகக் கூறுகிறார். வெற்றியைப் பாடிய வேந்தர் எண்ணற்றோர். தம் வெற்றிக்கு நாணிய வேந்தர் மிகச் சிலரே.

அதே கட்டளையில், அறத்தால் பெறும் வெற்றியே சிறந்தது என்றும், அது சோழர், பாண்டியர், தாமிரபரணி வரையிலும், மேற்கே கிரேக்க வேந்தர் ஐவர் நாடுகள் வரையிலும் பரவிற்று என்றும் கூறுகிறார். இரண்டாம் கட்டளை சத்தியபுத்திரரையும் கேரளபுத்திரரையும் சேர்த்துக் குறிக்கிறது. சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாளைய ஐயத்தை, 1981-இல் வெளிப்பட்ட சம்பைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, 'சதியபுதோ' என்னும் பட்டத்துடன் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தந்து தீர்த்துவைத்தது என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.

எழுதாமல் விட்ட இடம்

இனி, மாணவியின் வினாவுக்கு வருவோம். பதின்மூன்றாம் கட்டளை மேற்கே கிர்னாரில் உண்டு. வடக்கே கால்சியில் உண்டு. வடமேற்கே சாபாசுகரி, மான்சேரா ஆகிய இடங்களில் கரோட்டி எழுத்தில் உண்டு. தெற்கே ஆந்திரத்தின் எர்ரகுடியிலும் உண்டு. ஆப்கானித்தானத்துக் காந்தகாரில் இதன் தொடக்கப் பகுதி கிரேக்க மொழியிலேயே கிடைத்துள்ளது. கலிங்கத்தில் பெரும்பாறைக் கட்டளைகள் உள்ள ஊர்கள் இரண்டு: புவனேசுவரத்தை அடுத்த தௌலி, கஞ்சம் மாவட்டத்து சௌகடா. இவ்விரண்டிலும் முதற் பத்துக் கட்டளைகள் உள்ளன, பதினான்காவது உள்ளது. பதினொன்றும் பன்னிரண்டும் பதின்மூன்றும் இல்லை.

காந்தகாரில் வாழ்ந்த கிரேக்கன் கலிங்கத்தில் மாண்டோர் தொகையைத் தன் மொழியில் படித்தறிந்தான். அவர்களைப் பறிகொடுத்த கலிங்கத் தாய்க்கு அவள் நாட்டுப் பாறை அதனைச் சொல்லவில்லை. இது தற்செயலாக நேர்ந்ததும் அன்று. நாடு பரந்தது என்றும், எல்லாம் எல்லா இடத்தும் எழுதப்படவில்லை என்றும் பதினான்காம் கட்டளை தானே மொழிகிறது. அக்கட்டளை தௌலியிலும் வெட்டப்பட்டுள்ளது.

விடுபட்டவற்றுக்கு ஈடாக, அவ்விரண்டு இடங்களிலும் தனிக்கட்டளைகள் இரண்டு பொறிக்கப்பட்டன. அவை தோசலி, சமாபா நகரங்களின் அதிகாரிகளை நோக்கியவை. மாந்தர் அனைவரும் தம் மக்கள் என்றும், தம் மக்களுக்கு விரும்பும் நலத்தையே அனைவர்க்கும் விரும்புவதாகவும் மன்னர் கூறுகிறார். காரணமின்றி எவரையும் சிறையிடவோ துன்புறுத்தவோ கூடாது என்கிறார். பொறாமை, சினம், கொடுமை, பதற்றம், சோம்பல், அயர்வு ஆகியன நடுநிலை தவறச் செய்யும் குற்றங்கள் என எச்சரிக்கிறார். இதனைக் கண்காணிக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை கடுமையற்ற அதிகாரி ஒருவரை அனுப்புவதாகவும் அறிவிக்கிறார். இக்கட்டளை பூச நாள்களில் படிக்கப்பட வேண்டும் என்பதும், கேட்பவர் ஒருவரே ஆயினும் படிக்கலாம் என்பதும் அவர் ஆணை.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? ஆறாத புண்ணைக் கிளற வேண்டாம் என்ற பரிவாக இருக்கலாம். வென்ற நாட்டில் தம் குற்றத்தைத் தாமே பறைசாற்றினால் கிளர்ச்சி எழும் என்ற அரசியல் கணிப்பாகவும் இருக்கலாம். பின்னதற்கு இடந்தரும் குறிப்பு பதின்மூன்றாம் கட்டளையிலேயே உண்டு. வருந்தும் நிலையிலும் தண்டிக்கும் ஆற்றல் தமக்கு உண்டு என்பதைக் காட்டு மக்களுக்கு அவர் நினைவூட்டுகிறார். நாடு கடத்தப்பட்டோரை மீட்டனுப்பியதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. முடிசூடிய இருபத்தாறாம் ஆண்டுத் தூண் கட்டளை, கொலைத்தண்டனை பெற்றோர்க்கு மூன்று நாள் தவணை அளிக்கிறது, தண்டனையை நீக்கவில்லை.

தலைவரைப் படிக்கும் முறை

இவற்றைக் கூறுவது அசோகரைச் சிறுமைப்படுத்துவதற்கு அன்று. ஒரு பேரரசர் தம் குற்றத்தைத் தம் மொழியில் ஒப்புக்கொண்டது பெருஞ்செயலே. கலிங்கத்தார்க்கு அவர் வருத்தத்தைச் சொல்லாவிடினும், அதிகாரியின் கொடுமையிலிருந்து காப்பு அளிக்க முயன்றார். அன்றாடம் அடிபட்டு வாழும் எளியவனுக்கு மன்னனின் கண்ணீரைவிட இக்காப்பே பயன்பட்டிருக்கும் எனவும் கூறலாம். ஆயினும் தீங்கு செய்தவர் தம் வருத்தத்தை ஊரெல்லாம் சொல்லி, தீங்குற்றவரிடம் மட்டும் சொல்லாது விடுவாராயின், அவ்வருத்தத்தில் ஒரு குறை நிற்கிறது. அக்குறையை மறைத்துப் போற்றுவது வரலாறு ஆகாது.

பெருந்தலைவர்களைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று கேட்கப் பழகியிருக்கிறோம். யாரிடம் சொன்னார், யாரிடம் சொல்லவில்லை என்றும் கேட்டல் வேண்டும். பரணிக்கும் இவ்வினா பொருந்தும். வென்றவன் அவையில் அரங்கேறிய அந்நூலைத் தோற்றவன் வீட்டு முற்றத்தில் நின்று படித்தால் கூழடும் காட்சி வேறொன்றாகத் தோன்றும்.

அடுத்த வாரம் வகுப்பில் என் விடையைத் திருத்திக் கூறினேன். அம்மாணவி சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, "அப்படியானால் அவருக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை அம்மா" என்றாள். நான் படித்த நூல்கள் எதிலும் இவ்விளக்கம் இல்லை. ஆயினும் தௌலிப் பாறையை எண்ணும்போதெல்லாம் எனக்கு இதுவே முதலில் நினைவுக்கு வருகிறது.